இன்னொரு கரண்டி

"என் கையால உருளைக்கிழங்குத் தோலைக் கொதிக்க வெச்சா, செத்தவனே எழுந்து உட்கார்ந்து இன்னொரு கரண்டி கேப்பான்" என்றார் லிஃப்ட்காரர்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா தொடாத சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த மச்சினியின் கை நின்றது. இருவரும் உள்ளறைப் பக்கம் பார்த்தார்கள்.

கதவு ஒருக்களித்திருந்தது. அவர் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மகனை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அந்தச் சுவர்தான் அவளுக்கு எல்லாம். தண்ணீர் மட்டும் குடித்தாள். ஒரு வாய்ச் சாப்பாடோ ஒரு வார்த்தையோ கிடையாது.

இன்று மாலைக்குள் எதுவும் உள்ளே இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் கிடந்த அதே ஆஸ்பத்திரி. அந்தப் படியில் அவள் கால் வைத்தால் திரும்பமாட்டாள் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும்.

கடைத்தெருப் பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். ஊரில் பாதிப்பேரைத் தூக்கி விட்டவன் நான் என்பார். மீதிப் பாதி என்ன ஆனார்கள் என்று கேட்டால், படிக்கட்டில் ஏறிப் பாழாய்ப்போனார்கள் என்பார். இப்போது ஒரே ஒருத்தியைக் கட்டிலிலிருந்து தூக்க முடியவில்லை.

மச்சினி அவர் பேச்சில் ஒன்றையும் நம்பியதில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வாள். சமையலும் அப்படித்தான், எல்லாம் அளவு. தினமும் அக்காவுக்குச் சமைத்துக் கொண்டுவந்தாள். குறை சொல்ல முடியாத சாப்பாடு. ஆனால் முதல் கவளம் உதட்டில் பட்டதுமே அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டப்பா வந்த கனத்தோடு திரும்பிப் போனது.

என் சாப்பாட்டையே தொடாதவள் குப்பைக்குப் போகிற தோலையா தொடப்போகிறாள் என்று மச்சினி கேட்டாள். குப்பை என்று சொன்னால் தோல் கோபித்துக்கொள்ளும், ருசி கொடுக்காது என்றார் லிஃப்ட்காரர். கிழங்கு வெறும் உடம்பு, உயிர் தோலில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

வீட்டில் வேறு எதுவும் இல்லை. கடைக்குப் போக யாருக்குத் தோன்றியது?

தோலைத் துளி எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்தார். மிச்சமிருந்த அரை வெங்காயத்தை விளிம்பு கருகும்வரை வதக்கினார். காய்ந்து கட்டையாகிவிட்ட ரொட்டியை உள்ளங்கையில் நொறுக்கிப் போட்டார். தண்ணீர் ஊற்றியதும் சட்டி சீறியது.

வாசனை கிளம்பியது. சமையலறையை நிரப்பி, படியிறங்கி, நாலு வருஷமாக இவரோடு பேசாத கீழ்வீட்டுக்காரர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தது. அவர் ஜன்னலைத் திறந்து ஒரு மூச்சு இழுத்து, பகை ஞாபகம் வந்ததும் படாரென்று சாத்தினாராம். லிஃப்ட்காரர் இதைப் பார்க்கவில்லை. ஆனாலும் சத்தியம் பண்ணுவார்.

தட்டு ஒன்றை எடுத்து ஆவியை உள்ளறைப் பக்கம் விசிறினார். விசிறினால் வயிறு நிறைந்துவிடுமா மாமா என்று மச்சினி முணுமுணுத்தாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே விசிறினார். இதற்கு மேல் அவரிடம் வேறு வித்தை இல்லை.

கட்டில் கிரீச்சிட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். யாரையும் பார்க்காமல் மேசை முன் உட்கார்ந்தாள்.

லிஃப்ட்காரர் ஒரு கரண்டி ஊற்றினார். பாதி மேசையில் சிந்தியது.

அவள் ஒரு வாய் குடித்தாள். நாக்கிலேயே வைத்திருந்தாள். விழுங்கினாள். இன்னொரு வாய். கிண்ணத்தின் அடி தெரிந்தது.

அவள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உப்பு போட்டே ஊத்துங்க. இனிமே போடலாம்ல."

லிஃப்ட்காரர் சட்டியைப் பார்த்தார். அவர் உப்பு போடவே இல்லை. போட வேண்டும் என்றே கைக்குத் தோன்றவில்லை.

சிறுநீரகம் கெட்ட பிள்ளைக்கு உப்பு ஆகாது. அவனுக்கு மட்டும் எதற்குச் சப்பென்று ஒரு தனிச் சட்டி என்று, பல வருஷங்களுக்கு முன் அவள்தான் ஜாடியைப் பரணில் ஏற்றினாள். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் அவன் சாப்பாடுதான்.

மச்சினி தன் டப்பாவைப் பார்த்தாள். உப்பு உட்பட எல்லாம் அளவாகப் போட்ட சாப்பாடு.

முக்காலியில் ஏறி ஜாடியை இறக்கினாள். உள்ளே உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்தாள். லிஃப்ட்காரர் ஊற்றிய இன்னொரு கரண்டியில் ஒரு சிட்டிகை போட்டாள், நிறுத்துப் பார்க்கவில்லை.

அக்கா குடித்தாள். கரித்ததோ என்னவோ, முகம் சுருங்கியது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே குடித்தாள்.

லிஃப்ட்காரர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். மாடிக்கு மாடி போய்ச் சொல்ல வேண்டிய கதை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேச்சைத் தானே நம்ப முடியாமல் மச்சினியைப் பார்த்தார்.

அவள் உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டா மாமா. நானும்தான் இருந்தேன். எழுந்து உட்கார்ந்து, இன்னொரு கரண்டி கேட்டா."