காலனிக்கு இடம்

வெள்ள எச்சரிக்கை அனுப்பும் அந்தப் பழைய புரோகிராமில் எல்லா ஊர்ப்பெயருக்கும் ஒரே அளவுப் பெட்டிதான். பெயர் சின்னதாக இருந்தால் மிச்ச இடத்தை வெற்றிடத்தால் நிரப்பும். நீண்டுவிட்டால் வாலைச் சத்தமில்லாமல் நறுக்கிவிடும். செங்கழுநீரோடைப்பட்டி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. செங்கழுநீரோடைப்பட்டி காலனி பொருந்தவில்லை. காலனி அறுந்து விழுந்ததும் இரண்டும் ஒரே பெயராகிவிட, போன மழையில் காலனிக்குப் போகவேண்டிய எச்சரிக்கையும் ஊருக்கே போனது. ஊர் மேட்டில் இருக்கிறது. காலனியில் இடுப்பளவு தண்ணீர் ஏறிய பிறகுதான் ஜெயக்கொடியின் அம்மா ஓட்டுக்கூரை மேல் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஜெயக்கொடிக்கு. "உங்க காலனிக்கு ஒரு நம்பர் குடுத்துடலாமேம்மா," என்றார் அதிகாரி வரதராஜன். "ஊருக்குப் பேரு, எங்களுக்கு நம்பரா சார்?" "ஒரு பெட்டிய மட்டும் பெருசாக்க முடியாதும்மா. மாவட்டத்துல இருக்கிற அத்தனை பெட்டியையும் பெருசாக்கணும். ஒரு காலனிக்காகவா?" "ஆமா சார்." அவர் சரி என்று சொல்லவில்லை, அவளும் அதற்குக் காத்திருக்கவில்லை. பெயர் வருகிற இடத்தையெல்லாம் தேடித் தேடி அளவைத் திருத்தினாள். மறுநாள் அச்சாகி வந்த ஊர்ப்பட்டியலை வரதராஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். குட்டிக் குட்டி ஊர்களுக்குப் பின்னால்கூட நீளநீளமாக வெற்றிடம். "எதுக்கும்மா இவ்வளவு காலி எடம்?" "எங்களுக்கு எடம் விட்டு எல்லா ஊரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கு சார். பழகிடும்."