தொண்ணூற்றோராம் பக்கம்

"முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள், வக்கீல் சார். ஒரே நூலில்!"

புலவர் இளஞ்செழியன் புத்தகத்தை மேசைமேல் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் வட்டம். ரிட்டயர்டு தமிழாசிரியர். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பரோட்டா கடை போர்டையே ஏணி போட்டு ஏறித் திருத்திவிட்டு வந்த மனுஷன். புத்தகத்தைச் சும்மா விடுவாரா?

வக்கீல் விஜயராகவன் தலையைச் சொறிந்தார். வடக்கே எல்லையோரம் ரோடு போடப் போன கல்வராயன் மலை ஆட்கள் ஐந்து பேரை, யார் எவர் என்று தெரியாமல் ராணுவ முகாமில் பிடித்து வைத்துவிட்டார்கள். அலையாய் அலைந்து இரண்டு பேரை வெளியே கொண்டுவந்தவர் இவர். அந்த அனுபவம்தான் புத்தகம். நாளைக்கு வெளியீட்டு விழா. சிறப்புரை, புலவர்.

"'வூடு' என்று அச்சடித்திருக்கிறீரே, தமிழுக்கு இதைவிடக் கேடு உண்டா?"

"வெளிய வந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு இருசப்பன். அவரு சொன்னத அப்படியே எழுதிட்டேன் சார். முகாம்ல அவரு அப்படிச் சொல்லித்தான் அழுதாரு."

"அழுதாலும் இலக்கணத்தோடு அழ வேண்டாமா?"

வக்கீல் குரலை இறக்கினார். "நாளைக்கு மேடையில இந்த லிஸ்ட்டப் படிச்சிடாதீங்க சார். இன்னும் மூணு பேரு உள்ளதான் இருக்காங்க. பேப்பர்காரங்க வந்து நாலு வரி எழுதினாதான் கேஸு நகரும். புத்தகமே தப்புன்னு பேராயிட்டா அவங்க கதி அவ்ளோதான்."

"கட்டாயம் படிப்பேன். பிழை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம். இதில் எனக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது."

அந்த நேரம் பார்த்து இருசப்பன் உள்ளே வந்தார். விழாவுக்காக மலைமேல் கரியாலூரிலிருந்து ஒருநாள் முன்னாடியே பஸ் ஏறிவிட்டவர். புலவரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"சார், எட்டாவது வரைக்கும் எனக்குப் பாடம் சொன்னீங்க. நீங்க கையெழுத்து போட்டுட்டீங்கன்னு வக்கீல் சார் சொன்ன தைரியத்துலதான் உசுரப் புடிச்சிக்கினு இருந்தேன். இன்னா சொல்றதுன்னே தெரியலங்க."

"நல்லது, நல்லது" என்றார் புலவர்.

இருசப்பன் எல்லாருக்கும் டீ வாங்க வெளியே போனார்.

வக்கீல் புத்தகத்தை எடுத்துத் தொண்ணூற்றோராம் பக்கத்தைப் பிரித்தார். அதில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. வாசித்தார்.

"'இவன் என் மாணவன், கல்வராயன் மலைக்காரன் என்று துணிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவருடைய தமிழாசிரியர்.'"

புலவர் ஃபேனைப் பார்த்தார்.

"இருசப்பன் சம்சாரம் பெருமாயி கடுதாசிய எடுத்துக்கினு மூணு தடவ உங்க வூட்டுக்கு வந்துச்சு சார். பென்ஷனுக்கு வம்பு வந்துடும்னு நீங்க போடல. கடைசியில ரேஷன் கார்ட வச்சுத்தான் ஆள வெளிய எடுத்தேன். உள்ள இருக்கறவரு மனசு வுட்டுடக் கூடாதேன்னு, சார் போட்டுட்டாருன்னு நான்தான் பொய் சொன்னேன். அதையே எழுதியும் வச்சிட்டேன்."

மேசைமேல் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இது முந்நூத்திப் பதிமூணாவது பிழை. நீங்களே வட்டம் போட்டுடுங்க. நாளைக்கு லிஸ்ட்டோட சேத்து மேடையில படிச்சிடலாம்."

வாசலில் இருசப்பன் டீ கிளாஸ்களோடு வந்துகொண்டிருந்தார்.

புலவர் பேனாவை வாங்கி மூடிச் சட்டைப் பையில் செருகினார். லிஸ்ட்டையும் நாலாக மடித்து அதற்குள்ளேயே வைத்தார்.

"அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன், வக்கீல் சார். பிழையே இல்லை."