முதல் பாகமே போதும்

பில் கவுண்டரில் நாள் முழுக்க நின்றதில் அவளுக்குக் கால் கடுத்தது. செருப்பைக் கழற்றியவள், நேராக டிவி முன் உட்கார்ந்து அந்தப் பழைய சண்டை கேமைப் போட்டாள்.

“மறுபடியும் முதல் பாகமா?” என்று கணவன் அலுத்துக்கொண்டான். “சுத்தக் குப்பைம்மா இது. பட்டனை அழுத்தினா, ஆடி அசைஞ்சுதான் குத்தவே போறான். மூணாம் பாகம் சும்மா பறக்கும், அதைப் போடேன்.”

“எனக்கு இதுதாங்க பிடிச்சிருக்கு.”

“நல்ல ரசனை, போ!”

ஆடினார்கள். அவனுடைய ஆள் வாங்கு வாங்கென்று அடி வாங்கி, கடைசியில் மல்லாந்து விழுந்தான்.

“பாத்தியா? நான் எப்பவோ அழுத்திட்டேன். இந்தச் சனியன்தான் லேட்டு!”

“ஆமாங்க, கேம்தான் லேட்டு.”

கொட்டாவியை அடக்கிக்கொண்டு, கன்ட்ரோலரிலிருந்து அவனுடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். ஒரு காலத்தில் அந்தக் கையை ஜெயிக்க ஆளில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அது சொன்ன பேச்சை மெதுவாகத்தான் கேட்கிறது.

விரல்களை அவள் நீவிவிட, அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கும் இந்தக் குப்பையையே போடு” என்றான்.