முப்பது வருஷத் தாடி

எங்க வீட்டுக்காரர் கேட், கிரில்லுக்கு வெல்டிங் வைக்கிறவர். சொந்தப் பட்டறை. முப்பது வருஷமா அந்தத் தாடியை எடுங்கன்னு கெஞ்சாத நாள் இல்ல. மக கல்யாணத்துக்குக்கூட அசையலையே!

போன வாரம் மழமழன்னு வந்து நிக்கிறார்.

"யாருக்காக இது?"

"கிளினிக் பொண்ணு சொல்லிச்சு. தினமும் வழிக்கணுமாம்."

எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. மேல ஒரு வார்த்தை கேக்கல. தினமும் கண்ணாடி முன்னாடி ஷேவிங். சாயங்காலம் பாத்தா கன்னத்துல சிவப்பா ஒரு தடம் வேற!

சொல்லாம கொள்ளாம பட்டறைக்குப் போனேன். ஒரு பொண்ணு ரெண்டு கையாலயும் அவர் முகத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது!

"ஏய்!"ன்னேன்.

அவர் திரும்பினார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு ரப்பர் மாஸ்க்.

"வாங்கம்மா. வெல்டிங் புகை நுரையீரலைக் கெடுத்துடும். தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது, சந்து வழியா புகை போயிடும். இப்ப சரியா ஒட்டுதான்னு பாக்க கிளினிக்லேருந்து வந்தேன்"னுச்சு அந்தப் பொண்ணு.

அசடு வழிஞ்சுக்கிட்டு வந்தேன். ஆனாலும் மனசு ஆறல. எனக்காக எடுக்காத தாடியை அந்த மாஸ்க்குக்காக எடுத்துட்டாரே!

இப்ப தினமும் அந்தச் சக்களத்தியைத் துடைச்சு, மறக்காம அவர் பையில வச்சு அனுப்புறது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான்.