தூரத்துச் சொந்தம்

"கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கறியே, நல்லாயிருக்காம்மா இது?"

அத்தைக்குப் பொறுக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாப்பா தன் பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணியோ கதவில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றாள்.

"அவளே மூடிடுவா அத்தை."

"மூடிட்டேன்," என்றாள் பாப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "கிளம்பலாம்... வாங்க... என் வீட்டுக்கு."

முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பிறந்ததிலிருந்தே கைகால் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. பேச்சும் மெல்ல மெல்லத்தான் வரும். அவளைப் போன்றவர்கள் ஆளுக்கொரு சின்ன வீட்டில் இருக்க, மணியடித்தால் உதவியாள் வந்து நிற்கும் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. போன வருஷமே கேட்டார்கள். 'இடம் காலி இல்லையாம் அத்தை' என்று அண்ணி போனில் சொன்னாள். அப்பாடா என்றிருந்தது அத்தைக்கு. இப்போது மறுபடி கேட்டு வாங்கிவிட்டார்கள்.

பாப்பா முந்தின ராத்திரி தூங்கவே இல்லை. புதுச் சட்டை, புதுச் செருப்பு. உதட்டுச் சாயம்கூடத் தானே பூசிக்கொண்டிருந்தாள். பாதி கன்னத்தில் ஏறியிருந்தது. அதைத் துடைத்துவிடக்கூட அண்ணிக்காரிக்கு மனசு வரவில்லை என்று அத்தை வயிறெரிந்தாள்.

இந்த ஒரு வருஷமாகவே அவள் இப்படித்தான். ஊட்டுவதில்லை, தலை வாருவதில்லை. பாப்பா எத்தனை கோப்பையை உடைத்திருப்பாள்! கேட்டால், "உடையட்டும் அத்தை, வேற வாங்கிக்கலாம்" என்பாள். அத்தை ஊரிலிருந்து வரும்போது மட்டும்தான் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட ஆள் உண்டு. அதற்கும் இப்போது தடை. கல்நெஞ்சக்காரி. மாமனார் மாமியார் கண்ணை மூடியதும் நாத்தனாரைக் கை கழுவப் பார்க்கிறாள், வேறென்ன?

அண்ணன்காரன் வண்டியை ஓட்டினான். பாப்பாதான் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள்.

"அத்தை... உள்ளேயிருந்து... நான் பூட்டிக்கலாம். தெரியுமா?"

"பூட்டிக்கிட்டு என்னடி பண்ணுவே?"

"ஒண்ணும்... பண்ண மாட்டேன். சும்மா... பூட்டுவேன்."

வீடு சின்னதுதான். ஆனால் ஸ்விட்ச், அடுப்பு, அலமாரி எல்லாம் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் இருந்தன. பாப்பா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு விளக்கையும் போட்டு அணைத்தாள்.

குடியிருப்பின் பொறுப்பாளர் அம்மா சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

"முதல்ல உங்களைக் கொஞ்சம் பார்த்துக்கறேன். சரியா இருந்தாத்தான் சாவி," என்றார் பாப்பாவிடம். "சொல்லுங்க, திடீர்னு உடம்புக்கு முடியலைன்னா என்ன செய்வீங்க?"

அத்தை வாயைத் திறந்தாள். அண்ணி முந்திக்கொண்டாள்.

"அத்தை, பால்கனிக் கதவு சரியா மூடுதான்னு பாருங்களேன். வெளியில நின்னு பார்த்தாத்தான் தெரியும்."

பெரியவள் என்ற மரியாதைகூட இல்லை! அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள். கண்ணாடி வழியே பார்த்தாள். பாப்பா ஏதோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இருவரும் சிரித்தார்கள்.

திரும்பி வந்தபோது பாப்பா டீ போட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரம் ஆடியது. அத்தை அடுப்பை நோக்கிப் பாய்ந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, பிடித்த கையை விடாமல் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது. இவளுக்கும் பயமா என்று அத்தை திரும்பிப் பார்த்தாள்.

பாப்பா தட்டை மடியில் வைத்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். பாதி தட்டிலும், மீதி கோப்பையிலுமாக டீ வந்து சேர்ந்தது. பொறுப்பாளர் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, சாவியை எடுத்து பாப்பாவின் கையில் வைத்தார்.

"உங்க வீடு."

பாப்பா சாவியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கத்தியே விட்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை," என்றார் அந்த அம்மா. "போன வருஷம் எங்க ஆள் உங்க வீட்டுக்கு வந்து பார்த்துட்டு, இவங்களால எதுவுமே முடியாதுன்னு சொல்லிட்டார். அதனாலதான் அப்ப இடம் கொடுக்கலை. எதைக் கேட்டாலும் யாரோ ஒரு அத்தை முந்திக்கிட்டுப் பதில் சொன்னாங்களாம். அவர் முன்னாலேயே ஊட்டிவிட்டாங்களாம். பாசம்தான், ஆனா ஒரு வருஷம் வீணாப் போச்சே."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பச்சைக் குழந்தைங்க இவ, நான் ஊட்டலைன்னா ஒரு வாய் இறங்காது' என்று அந்த ஆளிடம் அவள்தான் பெருமையடித்துக்கொண்டாள். இடம் காலி இல்லை என்று அண்ணி சொன்னது பொய். யார் மனசு நோகக் கூடாது என்று சொன்ன பொய் என்பதும் இப்போது புரிந்தது.

"அவங்க இன்னிக்கு வரலையா?" என்று பொறுப்பாளர் அம்மா பாப்பாவைக் கேட்டார்.

அண்ணி பதற்றத்தோடு ஏதோ சொல்ல வந்தாள். அத்தை அவள் கையை அழுத்தித் தடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பாப்பா பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.

"அவங்க..." என்றாள் பாப்பா, "தூரத்து... சொந்தம். வரலை." சாவி இருந்த கையை நீட்டி அத்தையின் மடியில் வைத்தாள். "இவங்க... என் அத்தை."