அசையும் வாய்

பொம்மை விற்காமல் போனதால், கார்ட்டூன் தொடரிலிருந்தும் அந்த இறக்கைக் குதிரையை எடுத்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் அது மூடுபனிக்குள் போகுமுன் திரும்பிப் பார்த்தது. ஆறு வருடமாக அதற்குத் தமிழில் குரல் கொடுத்துவந்த சுகந்தி, "வாய் அசையுதே, வசனம் இல்லையா?" என்றாள்.

"ஸ்கிரிப்ட்ல எதுவும் இல்லக்கா, விட்டுடலாம்" என்றான் சவுண்ட் இன்ஜினியர் ரிஸ்வான்.

அசையும் வாயை அவள் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. நான்கு முறை ஓட்டிப் பார்த்து, உதட்டுக்குச் சரியாகப் பொருந்தியதைப் பேசினாள்: "செருப்பைப் போட்டுக்கிட்டு வா. அம்மாகிட்ட சொல்லாதே."

"லிப் சிங்க் பக்காக்கா" என்றான் ரிஸ்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் காட்சி ஒளிபரப்பானது. சுகந்தி அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகளைக் காணோம். வாசலில் அவள் செருப்பும் இல்லை. தெருவில் வீட்டுக்கு வீடு அம்மாக்கள் நின்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுகந்திக்கு மட்டும் வாய் அசைந்தது, குரல் வரவில்லை.