சாவியைத் திருப்பு தம்பி

"வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது சார்! பதினோரு மணிக்குள்ள ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கணும். கல்யாணம் சார்!"

ஸ்பீக்கரில் அலறினான் ஓர் இளைஞன். மெக்கானிக்கின் கை முழுக்க கிரீஸ். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர் மனைவி. ஒர்க்‌ஷாப் கடிகாரத்தில் மணி பத்து இருபது.

"யாருக்குக் கல்யாணம் தம்பி?"

"எனக்குத்தான் சார்! வண்டிக் கண்ணாடியில உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்."

"அட்றா சக்கை! மாப்பிள்ளையே இப்படி மாட்டிக்கிட்டியா?"

"ஏங்க, நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" மனைவி போனைத் தள்ளிப் பிடித்தாள். "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க."

"சும்மா இரு. இந்த மாதிரி கேஸ் தினமும் வருமா? தம்பி, எஞ்சின் சுத்துதா?"

"நல்லா சுத்துது சார். கிர்ர் கிர்ர்னு சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கத்தான் மாட்டேங்குது."

"அப்ப பேட்டரியைத் திட்டாதே, பாவம். ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் பாதி திருப்பு. பின் சீட்டுக்கு அடியில ஏதாவது சத்தம் வருதா?"

போனில் ஏதோ குசுகுசுப்பு.

"வருது சார். 'ம்ம்ம்'னு ரெண்டு செகண்ட். அப்புறம் நின்னுடுது."

"பெட்ரோலை அனுப்புற பம்ப் உயிரோடதான் இருக்கு. ராத்திரி முழுக்க சும்மா நின்ன வண்டி. குழாய்ல இருந்த பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போயிருக்கும். பிரஷர் இல்லாம எஞ்சின் என்னத்தைக் குடிக்கும்? அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் பொறு, ஆஃப் பண்ணு, மறுபடி போடு. இப்படி நாலு தடவை. அப்புறம் ஸ்டார்ட் பண்ணு."

"நாலு தடவையா? அதுக்குள்ள பொண்ணோட அப்பாவுக்குத் தெரிஞ்சிடும் சார்!"

"தெரிஞ்சா?"

"தோலை உரிச்சிடுவாராம். மகா முரடராம்!"

"யாரு சொன்னா?"

"பொண்ணுதான் சார்."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி பதறிப் போனை நகர்த்த, அது அவர் காதில் இடித்தது.

"அந்த முரடன் கிடக்கான் விடு. ஒண்ணுல இருந்து எண்ணு."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

கிர்ர்ர்ர். அவ்வளவுதான்.

"நாலு எங்கடா?"

"அவசரத்துல திருப்பிட்டேன் சார்."

"உன்னை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு எப்படித்தான் குடித்தனம் பண்ணப் போகுதோ! முதல்ல இருந்து வா."

மணி பத்து முப்பது. இந்த முறை அவரே எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

"இப்பத் திருப்பு!"

கிர்... என்றதுமே எஞ்சின் உறுமியது. கூடவே ஒரு பெண்ணின் கைதட்டல், அவசரமாய் அடங்கியது.

"சார், நீங்க தெய்வம் சார்! ஆசீர்வாதம் பண்ணுங்க!"

"ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. பறக்காம, பாத்து ஓட்டு."

போன் அடங்கியது. மனைவி அப்படியே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"ஏங்க... என்னை என்ன வேணா சொல்லுங்க. அது நம்ம வண்டிங்க. உள்ள இருக்கிறது நம்ம பொண்ணு. வீட்ல இருந்து சாவியை எடுத்துக் குடுத்ததே நான்தான்."

அவர் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் நிதானமாகக் கழுவினார். கழுத்திலிருந்து ஒவ்வொரு பட்டனாக அவிழ்த்து அந்த அழுக்கு ஒர்க்‌ஷாப் கோட்டைக் கழற்றினார்.

உள்ளே, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாத புது வெள்ளைச் சட்டை.

"உன் நல்ல புடவையையும் காலையிலேயே பையில போட்டுக் கொண்டாந்துட்டேன், சீக்கிரம் கட்டிக்கிட்டு வா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தெரிஞ்சவர் நேத்தே சொல்லிட்டார், சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணுமாம்."